பொது வாசிப்பும் திறந்த ஒத்திகையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாடகம் எழுதுகிறவர்கள், இயக்குகிறவர்கள், வாசிப்புக்கு முதல் தடவை வரும் பார்வையாளர்கள் என்று மூன்று தரப்பும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்களுக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். பதில்களில் அபிப்பிராயமும் கலந்திருக்கிறது. பலர் பொது வாசிப்பை, பார்வையாளரிடம் யோசனை கேட்கும் கூட்டமாக நினைக்கிறார்கள். அது முதலில் நாடகத்தைக் காதால் கேட்பதற்கான ஏற்பாடு, யோசனை கேட்பதெல்லாம் அப்புறம் என்பது எங்கள் கட்சி.

பொது வாசிப்பு, மேசை வாசிப்பு, திறந்த ஒத்திகை: மூன்றுக்கும் என்ன வித்தியாசம்?

நடிகர்களும் எழுதியவரும் இயக்குநரும் மட்டும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து முழுப் பிரதியையும் உரக்கப் படிப்பது மேசை வாசிப்பு. அதையே பார்வையாளர் முன் செய்தால் பொது வாசிப்பு. உடை, ஒப்பனை, காட்சியமைப்பு எதுவும் இருக்காது. உட்கார்ந்தே வாசிக்கலாம், அல்லது பிரதியைக் கையில் வைத்துக்கொண்டே எழுந்து நடந்து, முக்கியமான நுழைவுகளையும் வெளியேற்றங்களையும் மட்டும் செய்துகாட்டலாம்.

திறந்த ஒத்திகை வேறு சங்கதி. அங்கே பார்வையாளர் நாடகம் பார்க்க வருவதில்லை, நாடக வேலையைப் பார்க்க வருகிறார். ஒரே அரைப்பக்கத்தை ஒரு மணி நேரம் திருப்பித் திருப்பிச் செய்துகொண்டிருப்பார்கள். கதை முழுசாகத் தெரியாமலேயே வீட்டுக்குப் போக நேரலாம்.

எழுதியவருக்குத் தன் நாடகம் தெரியாதா? அதை இன்னொருவர் வாசித்துக் கேட்பதில் புதிதாக என்ன கிடைத்துவிடும்?

எழுதும்போது எல்லாப் பாத்திரங்களும் உங்கள் குரலிலேயே பேசுகிறார்கள். எங்கே நிறுத்த வேண்டும், எந்தச் சொல்லில் அழுத்தம் விழ வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்கு முன்பே தெரியும். தாளில் இல்லாததைக்கூட அந்த அறிவு நிரப்பிவிடும். வேறொருவர் வாசிக்கும்போது தாளில் இருப்பது மட்டும்தான் வெளியே வரும். நடிகர் ஒரு வரியை நீங்கள் நினைக்காத தொனியில் சொன்னால் அவர்மேல் எரிச்சல்படாதீர்கள். அப்படிச் சொல்ல அந்த வரி இடம் கொடுத்திருக்கிறது.

காதில் விழுந்தால் மட்டுமே பிடிபடும் குறைகள் நிறைய உண்டு. ஒரே தகவலை மூன்று பேர் மூன்று காட்சிகளில் சொல்லியிருப்பார்கள். ஒரு பாத்திரம் உள்ளே வந்து பத்துப் பன்னிரண்டு பக்கம் வாயே திறந்திருக்காது; அது அங்கே இருப்பதையே எழுதியவர் மறந்திருப்பார். வாசிப்பில் அந்த நடிகர் சும்மா உட்கார்ந்திருப்பது எல்லார் கண்ணிலும் படும். கமலா, விமலா என்று பெயர் வைத்தால் தாளில் குழப்பம் இல்லை, காதில் குழப்பம். யார் யாருக்கு என்ன உறவு என்பது பாத்திரப் பட்டியலில் மட்டும் இருக்கும், வசனத்தில் வரவே வராது. பாதி நாடகம் வரை அவரைக் கணவன் என்று நினைத்துக்கொண்டிருந்த பார்வையாளர், அண்ணன் என்று தெரிந்ததும் திடுக்கிடுவார். ஒரு மணி நேரம் என்று நினைத்தது ஒன்றே முக்கால் மணி நேரம் ஓடும்.

தமிழில் எழுதுகிறவருக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. பேச்சு வழக்கில் எழுதிக்கொண்டே வரும் பாத்திரம், உணர்ச்சி கூடும் இடத்தில் சட்டென்று எழுத்துத் தமிழுக்குத் தாவிவிடும். அல்லது எந்த ஊரில் பிறந்த பாத்திரமாக இருந்தாலும் எழுதியவரின் வட்டார வழக்கே எல்லார் வாயிலும் வரும். கண் இதை மன்னித்துவிடும். நடிகர் வாயைத் திறந்ததும் குட்டு வெளிப்படும்.

எந்த நிலையில் இருக்கும் பிரதியைக் கொண்டுவரலாம்?

முடிவு வரை எழுதப்பட்டிருக்க வேண்டும். முதல் வரைவு மேசை வாசிப்போடு நிற்கட்டும். அதில் கேட்டதை வைத்துத் திருத்தியதைப் பொது வாசிப்புக்குக் கொண்டுவாருங்கள். ஒரு வரியைக்கூட மாற்ற மனமில்லாத அளவுக்கு இழைத்துவிட்ட பிரதிக்கு வாசிப்பு தேவையில்லை. அங்கே நடப்பது பாராட்டு விழா.

ஒரு சோதனை சொல்கிறோம். தாளோடு மல்லுக்கட்டி உங்களால் தீர்க்க முடியாத ஒரு கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். "மகள் திரும்பி வருவதை நம்ப முடிகிறதா?", "தந்தைமேல் கோபம் வர வேண்டிய இடத்தில் பரிதாபம் வந்துவிடுகிறதா?" இந்த மாதிரி ஒன்று கிடைத்தால் பிரதி தயார். "எப்படி இருக்கிறது என்று பார்க்கலாம்" என்பது மட்டும்தான் மனதில் இருக்கிறது என்றால் இன்னும் கொஞ்சம் பொறுங்கள்.

வாசிப்புக்கு ஒத்திகை வேண்டுமா?

வேண்டும், ஆனால் கொஞ்சமாக. அமெரிக்க மேடை நடிகர்களின் சங்கமான ஆக்டர்ஸ் ஈக்விட்டியின் விதிகளில் '29 மணி நேர வாசிப்பு' என்றே ஒரு வகை இருக்கிறது: ஒத்திகையும் வாசிப்பும் சேர்ந்து 29 மணி நேரம், அதுவும் 2 வாரத்துக்குள். சங்கம், ஒப்பந்தம் எதுவும் இல்லாத சிறிய குழுக்களுக்கு ஓரிரு நாள் போதும். ஒரு தடவை முழுசாகப் படிப்பது, சிக்கலான காட்சிகளை மட்டும் மறுபடி எடுப்பது, வாசிப்பு நாளில் ஒரு ஓட்டம்.

அளவு மீறினால் கெடுதல் உண்டு. நல்ல நடிகர்கள் பிரதியின் ஓட்டைகளைத் தங்கள் திறமையால் அடைத்துவிடுவார்கள். காரணமில்லாமல் அழும் பாத்திரத்துக்கு அவர்களாகவே ஒரு காரணம் கண்டுபிடித்து, அதைக் குரலில் கொண்டுவந்துவிடுவார்கள். பார்வையாளர் நம்புவார், எழுதியவரும் நம்புவார். பிறகு வேறு நடிகர்கள் மேடையேற்றும்போதுதான் அந்த இடம் விழும். வாசிப்பின் இயக்குநர் இதில் கவனமாக இருக்க வேண்டும். காட்சியைக் காப்பாற்றுவது அவர் வேலையில்லை. காட்சி எப்படி எழுதப்பட்டிருக்கிறதோ அதை அப்படியே தெளிவாகக் கேட்கச் செய்ய வேண்டும்.

கையில் தாளோடு நிற்பது அரைகுறையாகத் தெரியாதா?

முதல் ஐந்து நிமிடம் தெரியும். பிறகு மறந்துபோகும்.

இந்த எளிமையை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தவர்கள் உண்டு. லண்டன் ராயல் கோர்ட் அரங்கு 1957 முதல் ஞாயிற்றுக்கிழமை இரவுகளில், காட்சியமைப்பே இல்லாமல் புதிய நாடகங்களைப் போட்டுப் பார்த்தது. நடிகர்கள் ஒத்திகை பார்த்து நடித்ததால் அவை வாசிப்பு ஆகா. ஆனால் யோசனை ஒன்றுதான்: செலவு பயத்தில் ஒரு பிரதியை ஒதுக்கிவிடாமல் குறைந்தபட்சப் பொருள்களோடு கேட்டுப் பார்ப்பது. ஆர்னால்டு வெஸ்கரின் 'தி கிச்சன்' 1959இல் அப்படி ஒரு ஞாயிறு இரவில்தான் முதலில் மேடையேறியது. 1961இல் விரிவாக்கப்பட்டு முழுத் தயாரிப்பாக வந்தது.

அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தின் வாட்டர்ஃபோர்டில் 1964இல் தொடங்கிய யூஜின் ஓ'நீல் நாடக மையம், நடிகர்கள் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டே செய்யும் வாசிப்பைத் தன் அடையாளமாகவே ஆக்கிக்கொண்டது. அங்கே நடக்கும் நாடகாசிரியர் மாநாட்டை லாயிட் ரிச்சர்ட்ஸ் 1968 முதல் 1999 வரை நடத்தினார். நாடகாசிரியர் ஆகஸ்ட் வில்சன் அனுப்பிய பிரதிகள் அங்கிருந்து பலமுறை திரும்பி வந்தன. 1982இல் ஒன்று தேர்வானது: 'மா ரெய்னீஸ் பிளாக் பாட்டம்'. 1984இல் ரிச்சர்ட்ஸே அதை இயக்கினார், அதே ஆண்டு அது நியூயார்க்கின் பெரிய வணிக அரங்குகளான பிராட்வேக்கும் போனது. கையில் தாள் இருக்க ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. காலையில் மாற்றி எழுதிய பக்கத்தை மாலையில் வாசிக்கலாம். மனப்பாடம் செய்துவிட்டால் எந்த வரியைத் தொட்டாலும் நடிகருக்குத் தண்டனை.

மேடைக் குறிப்புகளை யார் வாசிப்பது? எல்லாவற்றையும் வாசிக்க வேண்டுமா?

அதிகம் கவனிக்கப்படாத கேள்வி, ஆனால் பல வாசிப்புகள் கெடுவது இங்கேதான். பாத்திரம் எதுவும் ஏற்காத ஒருவரிடம் இந்த வேலையைக் கொடுங்கள். கடைசி நிமிடத்தில் சும்மா இருக்கும் யாரையாவது பிடித்து உட்கார வைக்காதீர்கள். அவரும் ஒத்திகைக்கு வர வேண்டும்.

எழுதியிருக்கும் குறிப்புகளில் பாதிக்கு மேல் வெட்டிவிடலாம். "அவன் சிரிக்கிறான்" என்று ஒருவர் வாசிக்க, அதற்குப் பிறகு நடிகர் சிரித்தால், அந்த இடம் செத்துப்போகும். நடிகர் செய்துகாட்டக்கூடியதை வாசிக்க வேண்டாம். "எரிச்சலுடன்", "தயங்கியபடி" போன்றவற்றையும் வாசிக்க வேண்டாம். பார்வையாளரால் ஊகிக்க முடியாதவை மட்டும் தங்கட்டும்: இடம், காலம், யார் உள்ளே வருகிறார், கண்ணால் பார்த்தால் மட்டும் புரியும் செயல். வெட்டிய பிரதியை வாசிப்புக்கென்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள், மூலப் பிரதியில் கை வைக்காதீர்கள்.

எழுதியவரே ஒரு பாத்திரத்தை வாசிக்கலாமா?

வேண்டாம். உங்கள் வசனம் எப்போது வரும் என்று காத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் நாடகத்தைக் கேட்க முடியாது.

பின்வரிசையின் ஓரத்தில், பார்வையாளரின் தலைகளும் தோள்களும் தெரிகிற இடத்தில் உட்காருங்கள். மடியில் பிரதியை விரித்து வரிவரியாகப் பின்தொடராதீர்கள். அப்படிச் செய்தால் மறுபடி கண்ணால்தான் படிப்பீர்கள். ஒரு வெற்றுத்தாள் போதும்.

வாசிப்பு நடக்கும்போது பார்வையாளரிடம் எதைக் கவனிக்க வேண்டும்?

வாயால் சொல்வதைவிட உடம்பால் சொல்வது நம்பகமானது. இருமல், நாற்காலி நகரும் சத்தம், கைபேசியின் வெளிச்சம், கைப்பிரதியைத் திருப்பிப் பார்ப்பது. ஒரு ஆள் செய்தால் அவருக்கு ஏதோ சொந்த வேலை. நான்கு பேர் ஒரே இடத்தில் செய்தால் அது உங்கள் வேலை. அந்த நேரத்தில் ஓடிய வசனத்தில் இரண்டு சொல் குறித்துக்கொள்ளுங்கள், அது போதும்.

அமைதியிலும் வகை உண்டு. அடுத்தது என்ன என்று காத்திருக்கும் அமைதியில் யாரும் அசையமாட்டார்கள். மரியாதைக்காகப் பொறுத்துக்கொண்டிருக்கும் அமைதியில் சின்னச் சின்ன அசைவுகள் ஓடிக்கொண்டே இருக்கும். ஓரிரண்டு வாசிப்புகளில் இந்த வேறுபாடு பிடிபட்டுவிடும்.

சிரிப்பை அப்படியே நம்ப வேண்டாம். எழுதியவரின் நண்பர்கள் நிறைந்த அறையில் எதற்கும் சிரிப்பு வரும். உங்களை அறியாதவர்கள் பாதிப் பேராவது இருந்தால்தான் சிரிப்புக்கு மதிப்பு. நீங்கள் எதிர்பார்த்த இடத்தில் வராத சிரிப்பைவிட, எதிர்பாராத இடத்தில் வந்த சிரிப்பு அதிகம் சொல்லும். துக்கமான வரிக்குச் சிரிக்கிறார்கள் என்றால் அதற்கு முந்தைய வரியைப் பாருங்கள்.

வாசிப்பு முடிந்ததும் கலந்துரையாடல் அவசியமா?

அவசியமில்லை. கேட்டு முடித்ததும் எல்லாரையும் கைகுலுக்கி அனுப்பிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள், அது தவறில்லை. வைப்பதென்றால் 20, 30 நிமிடத்துக்குள் முடியுங்கள். எழுதியவரோ இயக்குநரோ அதை நடத்தக் கூடாது. மூன்றாவது ஆள் ஒருவர் வேண்டும்.

"கருத்துச் சொல்லுங்கள்" என்று பொதுவாக மைக்கை நீட்டினால், பேசிப் பழகிய மூன்று பேர் கூட்டத்தை எடுத்துக்கொள்வார்கள். மற்றவர்கள் அந்த மூவரின் கருத்துக்குத் தலையாட்டுவார்கள். இதைத் தவிர்க்கப் பல குழுக்கள் கைக்கொள்ளும் முறை, அமெரிக்க நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் 1990இல் உருவாக்கத் தொடங்கியது. அதில் 4 படிகள். முதலில், கேட்டதில் எது மனதில் நின்றது, எது உயிரோடு இருந்தது என்று மட்டும் பார்வையாளர்கள் சொல்வார்கள். இரண்டாவது, படைத்தவர் தன் கேள்விகளைக் கேட்பார். மூன்றாவது, பார்வையாளர்கள் கேட்பார்கள். ஆனால் அபிப்பிராயம் ஒளிந்திருக்காத கேள்வியாக இருக்க வேண்டும். "ஏன் இவ்வளவு நீளம்?" என்பது கேள்வி வேடத்தில் வந்த குற்றச்சாட்டு. "நேரம் மெதுவாகப் போவதாக நாங்கள் உணர வேண்டும் என்று நினைத்தீர்களா?" என்பது கேள்வி. நான்காவதுதான் அபிப்பிராயம், அதுவும் அனுமதி கேட்டு: "தந்தை பாத்திரம் பற்றி எனக்கு ஒரு கருத்து இருக்கிறது, கேட்க விருப்பமா?" வேண்டாம் என்று சொல்லும் உரிமை படைத்தவருக்கு உண்டு.

எழுத்தில் படிக்கும்போது இது கொஞ்சம் சடங்காகத் தெரியும். நடைமுறையில் மூன்றாம் படியில்தான் மக்கள் தடுமாறுகிறார்கள். அபிப்பிராயம் கலக்காமல் கேள்வி கேட்பது எவ்வளவு கஷ்டம் என்பது அங்கே தெரியும். நடத்துபவர் அந்த இடத்தில் பொறுமையாக இருந்தால் மீதி தானாக நடக்கும். நான்கு படிக்கும் நேரமில்லை என்றால் முதல் இரண்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எழுதியவர் கேட்கும் கேள்விகளில் "பிடித்ததா?" வேண்டாம். "எந்த இடத்தில் கவனம் விலகியது?", "யார் பக்கம் நின்று கேட்டீர்கள், எங்கே பக்கம் மாறினீர்கள்?", "முடிவுக்குப் பிறகு அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டால் வேலைக்கு உதவும் பதில் வரும். ஒரு நிபந்தனை: எழுதியவர் விளக்கம் சொல்லக் கூடாது. "நான் சொல்ல வந்தது என்னவென்றால்" என்று தொடங்கியதுமே பார்வையாளர் தான் கேட்ட நாடகத்தை விட்டுவிட்டு, நீங்கள் விவரிக்கும் நாடகத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்.

"அந்தக் கடிதக் காட்சியை எடுத்துவிடுங்கள்", "அவள் சாகாமல் இருக்கட்டும்" என்று தீர்வு சொல்கிறவர்களை என்ன செய்வது?

நன்றி சொல்லிவிட்டு, தீர்வை விட்டு இடத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் அவருக்கு ஏதோ உறுத்தியிருக்கிறது, அது உண்மை. மருந்து அவர் சொல்வதாக இருக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் நோயும் அங்கே இருக்காது. முன்னால் எங்கோ இருக்கும். கடைசிக் காட்சி பலவீனமாக இருக்கிறது என்று ஐந்து பேர் சொன்னால், அந்தக் காட்சி எதை நம்பி நிற்கிறதோ அந்தத் தகவல் முதல் அரைமணி நேரத்தில் காதில் விழுந்ததா என்று பாருங்கள். அநேகமாக விழுந்திருக்காது.

ஒருவர் மட்டும் சொல்லி, அதைக் கேட்டதும் உங்கள் வயிற்றைக் கலக்கினால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கே தெரிந்து நீங்கள் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த விஷயமாக இருக்கலாம்.

என் நாடகத்தில் பேச்சு குறைவு, உடலும் பொருளும்தான் கதை சொல்கின்றன. இதற்கு வாசிப்பு உதவுமா?

நேர்மையாகச் சொன்னால், வாசிப்பு உங்களுக்கு அநியாயம் செய்யும். அது பேச்சுக்காரர்களின் அரங்கு. துடிப்பான வசனம் உள்ள சுமாரான நாடகம் வாசிப்பில் ஜொலிக்கும். 10 நிமிடம் ஒருவர் மௌனமாகப் பாத்திரம் துலக்கும் நல்ல நாடகம், "அவள் துலக்குகிறாள்" என்ற ஒற்றை வரியாகக் கடந்துபோகும். வாசிப்பை மட்டும் வைத்து அடுத்த நாடகத்தைத் தேர்ந்தெடுக்கும் குழுக்கள், காலப்போக்கில் சோபாவில் உட்கார்ந்து பேசும் நாடகங்களையே போட்டுக்கொண்டிருப்பதற்கு இது ஒரு காரணம். எழுதுகிறவர்களும் தெரிந்தோ தெரியாமலோ வாசிப்பில் எடுபடும் விதமாகவே எழுதப் பழகிவிடுகிறார்கள்.

உங்களுக்குத் தேவை பட்டறை. முழு நாடகத்தையும் எடுக்காமல், செயலால் நகரும் இரண்டு காட்சிகளைத் தேர்ந்து, நடிகர்களோடு சில நாள் உடலில் செய்து பாருங்கள். பிறகு அந்தப் பகுதியைத் திறந்த ஒத்திகையாகக் காட்டுங்கள். வாசித்தே ஆக வேண்டும் என்றால், மௌனம் நீடிக்கும் இடங்களில் அவசரப்படாமல் உண்மையிலேயே அத்தனை நேரம் மௌனமாக இருக்கச் சொல்லுங்கள். சங்கடமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த மௌனம் தாங்குமா என்பது தெரிந்துவிடும்.

ஆட்களை உள்ளே விட்டால் ஒத்திகை கெட்டுப்போகாதா?

கெட்டுப்போகக்கூடும். நடிகர் தவறு செய்யத் துணிந்தால்தான் ஒத்திகை நடக்கும். யாரோ பார்க்கிறார்கள் என்றதும் ஏற்கெனவே கைவந்ததையே மறுபடி செய்துகாட்டத் தோன்றும். அதனால் முதல் நிபந்தனை நடிகர்களின் சம்மதம். "எல்லாருக்கும் சரிதானே?" என்று கூட்டமாகக் கேட்காமல் தனித்தனியாகக் கேளுங்கள். ஒருவர் மறுத்தால் அவர் இல்லாத காட்சியைத் திறந்துவிடுங்கள்.

தொடக்க நாட்கள் மூடியே இருக்கட்டும். அரங்கேற்றத்துக்கு முந்தைய சில நாட்களும் அப்படியே. அப்போது விளக்கு, ஒலி, எது எப்போது வர வேண்டும் என்ற சைகை (க்யூ) என்று தலைபோகிற வேலை இருக்கும், வரும் பார்வையாளருக்கும் ஒன்றும் புரியாது. காட்சிகளின் எலும்புக்கூடு நின்று, சதை இன்னும் பிடிக்காத நடுக்காலம்தான் திறப்பதற்கு ஏற்றது. இயக்குநர் தொடக்கத்தில் இரண்டு நிமிடம் பேசலாம்: இன்று எந்தக் காட்சி, அதில் எதைத் தேடுகிறோம். நடுநடுவே பார்வையாளருக்கு விளக்கிக்கொண்டிருந்தால் அது ஒத்திகை நடிப்பாக மாறிவிடும். படம் எடுக்கத் தடை என்பதை வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.

இதனால் என்ன லாபம் என்று கேட்கலாம். ஜெர்மன் நாடகாசிரியர் பெர்டோல்ட் ப்ரெக்ட் தன் பெர்லினர் ஆன்சாம்பிள் குழுவில் ஒத்திகைகளை வெளியாட்கள் வந்து பார்க்க அனுமதித்தார். ஆங்கிலேய இயக்குநர் பீட்டர் புரூக் 1970இல் பாரிஸில் தொடங்கிய குழு, முடிவடையாத நாடகங்களைப் பள்ளிப் பிள்ளைகள் முன் செய்து பார்த்தது. சலிப்பை மறைக்கப் பிள்ளைகளுக்குத் தெரியாது. நாங்கள் மேலே சொன்ன 'உடம்பால் பேசும்' பார்வையாளருக்கு அதைவிடத் தூய வடிவம் கிடைக்காது.

பிரதியே இல்லாமல், நடிகர்களோடு சேர்ந்து உருவாக்கும் நாடகம்?

அதற்கும் வழி உண்டு. 1974இல் இங்கிலாந்தில் தொடங்கிய ஜாயின்ட் ஸ்டாக் குழுவின் முறையில் முதலில் எழுத்தாளரும் நடிகர்களும் சேர்ந்து சில வாரம் பட்டறை நடத்துவார்கள். பிறகு இடைவெளி. அதில் எழுத்தாளர் மட்டும் தனியாக உட்கார்ந்து எழுதுவார். அதற்குப் பிறகே ஒத்திகை. கேரில் சர்ச்சிலின் 'கிளவுட் நைன்' 1979இல் மேடையேறியது இந்த வழியில்தான். இடைவெளியைத் தவிர்த்துவிட்டு நேராக ஒத்திகைக்குப் போகும் குழுக்களுக்கு நல்ல காட்சிகள் கிடைக்கும், நாடகம் கிடைப்பது அரிது.

பொதுவில் வாசித்தால் என் நாடகத்தை யாராவது திருடிவிட மாட்டார்களா?

பெர்ன் ஒப்பந்தம் என்ற சர்வதேசப் பதிப்புரிமை ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகளில் பதிப்புரிமைக்குப் பதிவு கட்டாயமில்லை, எழுதியதுமே வந்துவிடும். அது நீங்கள் எழுதிய விதத்தைத்தான் காக்கும், கருவைக் காக்காது. 'பிரிந்த அண்ணன் தம்பிகள் அப்பா சாவுக்கு வருகிறார்கள்' என்பது யாருடைய சொத்தும் இல்லை. கைப்பிரதிகளில் தேதியும் வரைவு எண்ணும் போட்டு, முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

உண்மையான தகராறு திருட்டில் வருவதைவிட, சேர்ந்து வேலை செய்தவர்களிடையேதான் அதிகம் வருகிறது. 'எ கோரஸ் லைன்' இசை நாடகம், 1974இல் நடனக் கலைஞர்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றிப் பேசி ஒலிநாடாவில் பதிவு செய்த அமர்வுகளிலிருந்து பிறந்தது. அந்தக் கதைகளுக்கான உரிமையை அவர்கள் ஆளுக்கு 1 டாலருக்கு எழுதிக் கொடுத்தார்கள். நாடகம் பிராட்வேயில் 6,137 காட்சிகள் ஓடியது. அவர்களுக்கு வருமானத்தில் பங்கு தரும் ஏற்பாடு பின்னால்தான் வந்தது. 'ரென்ட்' நாடகத்தில் ஆலோசகராக வேலை செய்தவர், தானும் இணை ஆசிரியர் என்று வழக்குத் தொடுத்தார். இருவரும் சேர்ந்து எழுதுகிறோம் என்ற எண்ணம் இரு தரப்புக்கும் இருந்ததாக நிறுவப்படவில்லை என்று 1998இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பட்டறையில் நடிகர் தன் போக்கில் பேசிய வரி பிரதியில் ஏறினால் யாருக்கு என்ன உரிமை என்பதை முதல் நாளே ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். நண்பர்கள் என்றால் கட்டாயம் போடுங்கள்.

எப்போது திருத்தி எழுதுவது?

காதில் இடித்த வரிகளை அன்றிரவே மாற்றலாம். கட்டமைப்பைத் தொடும் மாற்றம் என்றால் ஒன்றிரண்டு வாரம் பொறுங்கள். அதற்குள் பாதிக் கருத்துகள் உதிர்ந்துவிடும். இரண்டு வாரம் கழித்தும் மண்டையில் குடையும் கருத்தே வேலைக்கு ஆகும். முடிந்தால் சில நாள் இடைவெளியில் இரண்டு வாசிப்பு வையுங்கள்: முதலாவதில் கேட்டதை வைத்துத் திருத்தி, இரண்டாவதில் அதே நடிகர்களோடு சோதிக்கலாம். மாற்றிய பக்கங்களை வேறு நிறத் தாளில் அச்சிடுவது பழைய பழக்கம். எந்தப் பக்கம் புதிது என்று யாரும் தேட வேண்டாம்.

எத்தனை வாசிப்பு வைக்கலாம்?

ஒவ்வொரு வாசிப்புக்கும் புதிய கேள்வி இருக்கும்வரை. பழைய கேள்வியையே புதிய ஆட்களிடம் கேட்கிறீர்கள் என்றால் நிறுத்த வேண்டிய நேரம். மூன்று, நான்கைத் தாண்டினால் சந்தேகப்படுங்கள்.

இதில் அரங்க நிறுவனங்களுக்கும் பங்கு உண்டு. வாசிப்பு வைப்பது மலிவு, மேடையேற்றுவது செலவு. அதனால் புதிய எழுத்தாளருக்கு ஆதரவு தருகிறோம் என்று காட்டிக்கொள்ள வாசிப்புகளாகவே வைத்துக்கொண்டிருப்பது சுலபம். ஐந்து இடங்களில் வாசிக்கப்பட்டு ஐந்து வகை ஆலோசனை வாங்கிய பிரதி, எல்லாருக்கும் கொஞ்சம் பிடித்ததாகவும் யாருக்கும் முழுசாகப் பிடிக்காததாகவும் வழவழத்துப் போகும். வாசிப்புக்கு அழைப்பவரிடம் "இதற்கு அடுத்த படி என்ன?" என்று தயங்காமல் கேளுங்கள். பதில் இல்லாவிட்டாலும் ஒப்புக்கொள்ளலாம், ஆனால் தெரிந்துகொண்டு ஒப்புக்கொள்ளுங்கள். சில குறைகள் முழுத் தயாரிப்பில் மட்டுமே தீரும்.

இணையவழி வாசிப்பு?

2020இல் அரங்குகள் மூடியபோது பலரும் அதைச் செய்தார்கள். வெவ்வேறு ஊரில் இருக்கும் நடிகர்களை வைத்து மேசை வாசிப்பு நடத்த இப்போதும் வசதியானதுதான். பொது வாசிப்புக்கு ஈடாகாது: ஒலி ஒரு கணம் தாமதிப்பதால் வசனத்தின் தாளம் தெரியாது, பார்வையாளரின் சிரிப்பும் அசைவும் உங்களை எட்டாது.

நான் வெறும் பார்வையாளர். நாடகம் பற்றிப் பேசத் தெரியாது. வரலாமா?

உங்களைப் போன்றவர்களைத்தான் தேடுகிறோம். பேச வேண்டிய கட்டாயம் இல்லை. தூக்கம் வந்தால் கொட்டாவி விடுங்கள், அதுவும் எழுதியவருக்குப் பயன்படும்.

டிக்கெட் வைக்கலாமா? நடிகர்களுக்குப் பணம் தர வேண்டுமா?

டிக்கெட் வைக்காமல் இருப்பது நல்லது. காசு கொடுத்தவர் முடிந்த பொருளை எதிர்பார்ப்பார், அது நியாயமும்கூட. நடிகர்களுக்கு, தொகை சிறிதானாலும், கொடுங்கள். அவர்கள் செலவிடுவது பொழுதுபோக்கு நேரம் அல்ல.

விமர்சகர்களை அழைக்கலாமா?

வரட்டும். இது இன்னும் முடிவடையாத வேலை, இதைப் பற்றி இப்போது எழுத வேண்டாம் என்று அழைப்பிலேயே குறிப்பிட்டுவிடுங்கள்; பெரும்பாலானோர் மதிப்பார்கள். அதே வரியைப் பார்வையாளருக்கான அறிவிப்பிலும் சேருங்கள். வாசிப்பு முடிந்து வாசலைத் தாண்டுவதற்குள் நாலு வரி விமர்சனம் சமூக ஊடகத்தில் ஏறிவிடுகிற காலம் இது, எழுதியவரோ வீட்டுக்குப் போய் மூன்றாம் காட்சியைத் தூக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பார்.